பாதி துழாவிய நெல்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையை அகலப்படுத்தியபோது ராஜாத்தியின் களமும் அதற்குள் போய்விட்டது. அதனால் அறுத்த நெல்லை அவள் சாலையோரத்திலேயே காயப்போடுவாள்.

அன்று மதியம் சாப்பிட்டுத் திரும்பியபோது, நெல்லை யாரோ சீராகக் காயும்படி காலால் துழாவிவிட்டிருந்தார்கள். இடது கால் கோடு நேராக இருந்தது. வலது கால் கோடு நொண்டி நொண்டி வந்திருந்தது.

"யாரு துழாவுனதுக்கா? நாமதான் சாப்பிடப் போயிட்டோமே," என்றாள் கூட வந்த பிரகதீஸ்வரி.

"அவருக்குத்தான் வெயில் வீணாப்போனா பொறுக்காது."

பிரகதீஸ்வரி அந்தக் கோடுகளை மறுபடி பார்த்தாள். ராஜாத்தியின் கணவன் வீரையன், வலது காலை இழுத்து நடப்பவர், போன அறுவடையில் இங்கே நெல் துழாவும்போதுதான் லாரியில் அடிபட்டு இறந்தார்.

கோடுகள் அவர் விழுந்த இடம்வரை வந்து நின்றிருந்தன. அதற்கப்பால் நெல் கால்படாமல் கிடந்தது.

ராஜாத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து துழாவ ஆரம்பித்தாள்.