தாழ்ப்பாள்

"முதல்ல கதவுக்குத் தாழ்ப்பாளை மாட்டு, அப்புறம் குளிக்கிறேன்."

"சும்மா சாத்திக்கிட்டா ஆகாதா? யாருடி வந்து பாக்கப் போறா உன்னை?"

"நீதான் பாக்குறே. ஆடி மாசத்துலேருந்து கதவிடுக்குல உன் கண்ணுதான் இருக்கு."

ஆடியில் உள்ளே தாழிட்டுக்கொண்டு சாகப் பார்த்த பூரணியை, குளியலறைக் கதவை உடைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள் அக்கா வடிவு. புதுக் கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கவிடவில்லை. குளிக்கும்போது பூரணி பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் வடிவு உள்ளே வந்துவிடுவாள்.

"டாக்டரே மாத்திரையைக் குறைச்சிட்டாரு."

"கதவை உடைச்சது டாக்டரா? எனக்கு இன்னும் தோள்பட்டை வலிக்குது."

"வேலைக்குத் தனியாப் போறேன், வர்றேன். குளிக்க மட்டும் கச்சேரி பண்ணணுமா? தெரிஞ்ச பாட்டெல்லாம் தீந்துபோய், நேத்து தேசிய கீதம் பாடினேன். நீ எந்திரிச்சு நின்னியா?"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூரணி சிரிக்கவில்லை.

"நான் பொழைச்சுட்டேன்னு இந்த வீட்டுல நீ ஒருத்தியாவது நம்பு. இல்லேன்னா நான் எப்படிக்கா நம்புறது?"

வடிவு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கடியில் ஒளித்திருந்த தாழ்ப்பாளை எடுத்து வந்தாள். அவள் முடுக்கப் போனபோது திருகாணி நழுவிக் கீழே விழுந்தது. பூரணியே ஸ்க்ரூடிரைவரை வாங்கி முடுக்கினாள்.

"பாட மாட்டேன். நீயும் கூப்பிடக் கூடாது."

வடிவு தலையாட்டினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வடிவு நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயை முந்தானையால் பொத்திப் பார்த்தாள்.

"பூரணி, பாட வேண்டாண்டி. மக்கால வாளியில ஒரு தட்டு தட்டு, போதும்."