மூன்றாவது கூப்பாடு

அருவியின் நிறம் மாறியதை ஆவுடையம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஓரத்தில் செம்மண்ணாகியிருந்தது. சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தன. மலைக்கு மேலே நல்ல மழை போலிருக்கிறது. “வெள்ளம் வருது, வெளிய வாங்க” என்று யாரோ கத்த, குளித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்தடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

அவள் புருஷன் மட்டும் வரவில்லை.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனவர், பாறை மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் அந்த மனுஷனுக்கு உலகமே கிடையாது.

“ஏங்க! இங்கன பாருங்க!”

கரையில் நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வீட்டில்தான் ‘ஏங்க’ இல்லை? திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை.

சொந்தத்தில் கட்டியிருந்தால் அத்தான் என்றாவது கூப்பிடலாம். இவள் அசலில் வந்தவள். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லியே வளர்த்துவிட்டிருந்தார்கள். அவர் பேரில் ஊரும் கலந்து கிடந்ததால், குற்றாலம் என்று சொல்லவும் வழியில்லை. தென்காசியில் பஸ் ஏறினால் ‘அருவிக்கு ஒரு டிக்கெட்’ என்பாள். புதிதாக வந்த நயா பைசாக் கணக்குப் புரியாமல் திணறிக்கொண்டிருக்கும் கண்டக்டர்கூட அதைக் கேட்டுச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். அது மரியாதை என்று அவள் நம்பினாள். ஊரும் மெச்சியது.

ஆயுசாவது மண்ணாவது! மனுஷனே போகப்போகிறார்.

“குத்தாலிங்கம்!”

அடிவயிற்றிலிருந்து வந்தது. பக்கத்தில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தவள் பிழிவதை நிறுத்தினாள்.

“ஏலே குத்தாலிங்கம்!”

அந்த ‘ஏலே’ எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சோறு குழைந்ததென்று தட்டை விட்டெறிந்த நாளும், தம்பி கல்யாணத்துக்குப் போகக்கூடாதென்று கதவை மறித்து நின்ற நாளும் அதற்குள் இருந்தன. நானா இப்படிக் கத்துகிறேன் என்று அவள் தன்னையே வேடிக்கை பார்த்தாள். அடப்பாவமே, இத்தனை வருஷமும் மரியாதை என்று நினைத்திருந்தது வெறும் பயம்தானா!

“ஏலே குத்தாலிங்கம்!”

மூன்றாவதில் கோபம்கூட இல்லை. கருப்பட்டித் துண்டை வாயில் போட்டதுபோல அந்தப் பேர் இனித்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சொட்டச் சொட்ட நனைந்தபடி அவர் எதிரே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளம் இரைந்து விழுந்து அந்தப் பாறை மூலையை அடியோடு மூடியது. கரையில் நின்றவர்கள் வெள்ளத்தைப் பார்க்கவில்லை. அவர் கை ஓங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மொதத் தடவ பேரச் சொன்னப்பவே திரும்பிட்டனே, ஏட்டி. நான் கரையேறி வாறத நீ பாக்கலியா?”

சாரல் கண்ணை மறைத்துவிட்டது என்று சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். எப்போதும் கைகொடுக்கிற அந்த மாதிரிப் பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்து நிற்பதையும் அவள் பார்த்தாள். அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

“பாத்தேன்” என்றாள். “பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன்.”