கத்தி பட்ட தட்டு

நரசிம்மன் பதினோராவது வெள்ளித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தபோது பிறேமினிக்கு உள்ளங்கால் கூசியது.

அவன் ஏலக் கம்பெனியிலிருந்து விலை மதிக்க வந்தவன், சென்னைப் பிள்ளை. முன்னூறு வருடத்துத் தட்டுகளைக் கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்கினான். விளிம்பு முழுக்கக் கயிறு முறுக்கினாற்போல் புடைப்பு. அத்தனையும் கையால் தட்டி எடுத்தது. நடுவே குடும்பச் சின்னம், சுற்றிலும் சுருள் சுருளாக இலைகள்.

இந்தக் குடும்பத்தில் யாரும் அவற்றில் சாப்பிட்டதில்லை என்றுதான் பேச்சு. விருந்துக்கு வருகிறவர்களுக்கு வயிறு எரியட்டும் என்று அடுக்கிவைக்கவே செய்தவை.

பதினோராவதில் கீறல். குறுக்கும் மறுக்குமாக, புத்தம்புதுக் கத்திக் கீறல்.

ஹாரியட்டின் முகம் சிவந்தது. தட்டுகளை விட்டுவிட்டுச் செத்துப்போன கிழவர் அவளுடைய தகப்பன். லண்டன் ஸ்ட்ரெதமில் இதே வீட்டில் அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் பிறேமினி. அலுமாரி வெள்ளியைத் தொடக்கூடாது என்பது ஹாரியட் முதல் நாளே போட்ட சட்டம்.

வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு ஹாரியட் நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னால்தான் பிறேமினிக்கு அடுத்த வீடு. இல்லாவிட்டால் இல்ஃபோர்டில் மச்சாளின் கடையில் வெங்காயம் நிறுக்க வேண்டியதுதான். அந்த வெங்காயத்தைவிட மச்சாளின் வாய் காரம்.

யார் இதில் சாப்பிட்டது என்று ஹாரியட் ஆங்கிலத்தில் கேட்டாள்.

பிறேமினி கையிலிருந்த துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

நரசிம்மன் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் தமிழில் முணுமுணுத்தான். "பெரியவர்தானே சாப்பிட்டாரு, அக்கா? ஆமான்னு சொல்லிடுங்க. பொண்ணு கோபம் இறங்கிடும்."

"ஓம் தம்பி, அவர்தான். எனக்கென்ன விசரே, உதில சாப்பிட?"

அவன் அதை மரியாதையான ஆங்கிலமாக்கிச் சொன்னான்.

ஹாரியட்டின் கண் கலங்கியது. கை அப்படி நடுங்கியும் அப்பா கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் விடவில்லையா? கடைசிவரை கனவானாகவே இருந்தாரா? தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இது விற்பனைக்கில்லை என்றாள். நின்ற நிலையிலேயே ஏஜென்சிக்குப் போன் போட்டு, பிறேமினியைப்போல ஒருத்தி கிடைக்கமாட்டாள் என்றாள்.

நரசிம்மன் பன்னிரண்டாவதை எடுத்துச் சரித்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. இதை யாரும் தொட்டதேயில்லை என்றான்.

பிறேமினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிழவர் அந்தப் பன்னிரண்டாவதில்தான் சோற்றையும் பருப்பையும் விரலால் குழைத்துச் சாப்பிடுவார். எதிரே, பதினோராவதில், கோழிக்காலோடு மல்லுக்கட்டுகிற பிறேமினிக்கு, விரலை நக்கிக்கொண்டே, கத்தியை எப்படிப் பிடிப்பதென்று சொல்லிக்கொடுப்பார்.