ஒன்றுக்கு நில், இரண்டுக்கு ஓடு

விளையாட்டு வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மலையேறத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். வரிசையின் வாலில் அவர். தலையில் வழிகாட்டிப் பெண். நடுவே ஏழாம் வகுப்பு முழுவதும் ஒற்றையடிப் பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஊர்வதற்குக் காரணம் ஆமை.

பள்ளியிலேயே மெதுவான பெண் அவள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவரே வாத்தியார்தான். வழிகாட்டியோ எடுத்த எடுப்பில் அவளைக் கூப்பிட்டுத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போகவேண்டுமாம், மற்றவர்கள் அந்த வேகத்துக்கே வரவேண்டுமாம். விளங்கினாற்போலத்தான் என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

கழுத்தில் தொங்கிய விசிலை விரல்கள் தடவிக்கொண்டே இருந்தன. மைதானத்தில் அவருக்கு வாய் எதற்கு? ஒரு விசில் என்றால் சிலைபோல நிற்கவேண்டும். இரண்டு என்றால் தலைதெறிக்க ஓடவேண்டும். பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பி ஊதினாலும் தப்பாது.

ஆமைக்கு மட்டும் அது எருமைமாட்டின் மேல் பெய்த மழை. இரண்டு ஊதினாலும் நின்றுகொண்டிருப்பாள். மற்றவர்களைவிட அவளுக்கு இரட்டிப்புத் தண்டனை கொடுப்பார். யாரும் தன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் கறார்.

மலையில் விசில் வேண்டாம் என்று வழிகாட்டி அடிவாரத்திலேயே சொல்லியிருந்தாள். ஏதோ விலங்குக்குப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பாதை மலையின் மடிப்பில் வளைந்தது. வாலில் வந்த அவருக்கு, பள்ளத்தின் மறுபக்கத்தில் வரிசையின் தலை தெரிந்தது.

வழிகாட்டி நின்றுவிட்டிருந்தாள். அவள் காலடிக்கு முன்னால் பாதை இல்லை, மழையில் சரிந்துபோயிருந்தது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நடுவிலிருந்த பையன்கள் அதைக் கவனிக்காமல், ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டு முன்னேறினார்கள்.

விசில் எப்போது வாய்க்குப் போனதென்று வாத்தியாருக்கே தெரியாது.

ஒரே ஒரு முறைதான் ஊதினார்.

எதிர்ப்பாறை தன் பங்குக்கு ஒன்று ஊதியது. பிள்ளைகள் காதில் விழுந்தது இரண்டு.

ஓடினார்கள்.

நிற்கச் சொல்லிக் கத்தினார். காலடிச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

ஆமை மட்டும் ஓடவில்லை. மேட்டுப்பக்கத்து வேர் ஒன்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பாதையை அடைத்து நின்றாள். பின்னால் வந்தவன் அவள்மீது மோதினான், அவன்மீது அடுத்தவன். மூட்டை மூட்டையாக வகுப்பே வந்து இடித்தது. அவள் அசையவில்லை.

பாதையோரமாக ஒடுங்கி, ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வாத்தியார் முன்னால் போனார். எல்லாப் பிள்ளைகளும் முழுசாக இருந்தார்கள்.

ஆமையின் உள்ளங்கைகள் உரிந்து சிவந்திருந்தன. அவரைக் கண்டதும் வழக்கம்போலத் தலைகுனிந்துகொண்டாள்.

"இப்பவும் நான் ஓடல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அப்பா" என்றாள்.

சீருடையில் இருக்கும்போது 'சார்' என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது வீட்டில் அவர் போட்டிருந்த சட்டம். வாத்தியார் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, வகுப்பு முழுவதும் பார்க்க, அழுதார்.