தாக்குப்பிடித்தது

இன்னொரு முறை சொல்லக்கூடாதா, அந்த ஒரு வார்த்தையை மட்டும்?

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தபடி மனதுக்குள்தான் கேட்டாள். துடைத்த கண்ணாடியையே அவர் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் மேலேயே அவள் சாய்ந்த அன்று, ஆம்புலன்ஸில் அவள் கன்னத்தைத் தட்டி அவர் சொன்னார்: "ஏய், என்னைப் பாரு."

அந்த 'ஏய்' வேறு யார் வழியாகவும் வராமல் நேராக அவளுக்கே வந்தது. வலி உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோதும் காது அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி எத்தனையோ வருஷமாகிறது.

சண்டை என்னவோ அற்பமானதுதான். படுக்கையறைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஆரம்பித்தது. பிறகு இரண்டு பக்கத்து உறவுகளையும் வம்புக்கு இழுத்து, ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவதில் போய் நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மகள்.

"பாப்பா, உங்கப்பாவைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"பாப்பா, எனக்கும் கண்ணு இருக்கு, மழை தெரியுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

ஒரே அறைக்குள் இரண்டு எட்டு வைத்து மகள் தூது போவாள். சொன்னதை அப்படியே சேர்க்கிற பழக்கம் கிடையாது. தன் கையிலிருந்து கொஞ்சம் போட்டுச் சொல்வாள். "அம்மா கோவமாத்தான் சொன்னா. ஆனா கொஞ்சம் சிரிச்சா."

அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. அவர் கடையைத் திறக்கக் கிளம்பும்போதும் சரி, அவள் விளக்கை அணைக்கும்போதும் சரி, "பாப்பா" என்றுதான் பேச்சு தொடங்கும்.

"வெளியில எங்ககிட்ட ஐயா வாய் ஓயாம பேசறாரு. உள்ள வந்தா உங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாதாம்மா?" என்று காலையில் மாத்திரை கொடுத்த நர்ஸ் சீண்டினாள்.

"பேசுவாரே, தபால்ல."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் தம்ளரிலிருந்த தண்ணீர் போர்வையில் சிந்தியது.

இப்போது டாக்டரம்மா எக்கோ படத்துடன் வந்து நின்றார். அடைப்பை எடுத்தாயிற்று, ஸ்டென்ட் வைத்தாயிற்று, ரத்தம் நன்றாக ஓடுகிறது; ஆனால் இதயம் இன்னும் பழையபடி துடிக்கவில்லை என்றார்.

அடைபட்டிருந்த நேரத்தில் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டதாம். மீதி, ரத்தமே இல்லாமல் எப்படியோ தாக்குப்பிடித்துக் கிடந்திருக்கிறது. "நின்ன ரத்தம் திரும்ப வந்து பாயறப்போ, தாக்குப்பிடிச்சதுலயும் கொஞ்சம் போயிடும்."

"காப்பாத்தப் போன ரத்தமா?" என்றார் கணவர், நம்பாமல்.

"ஆமாங்க. இல்லாமையைச் சமாளிச்சுட்டுக் கிடந்தது. திடீர்னு வந்ததும் அதைத் தாங்கிக்க முடியல."

"அப்போ திறக்காமலே விட்டிருந்தா?" அவள் கேட்டாள்.

"இப்படிக் கேள்வி கேட்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க." டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கணவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஊசி குத்தியிருந்த இடத்தில் படாமல் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையின் சூட்டைக்கூட அவள் மறந்துபோயிருந்தாள்.

"இங்க பாரும்மா," என்றார். "நான் ரொம்ப பயந்துட்டேன். போதும். இனிமே நேராவே பேசிக்கலாம். ஏதாவது சொல்லேன், என்கிட்ட."

எத்தனை நாள் இதற்காகவே காத்துக் கிடந்திருக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அவர் முதுகிடம், சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து எத்தனை முறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

'என்னங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது ஒன்று போதும். அவர் அந்தக் கையை மறுபடி விடப்போவதில்லை.

அதன்பிறகு, குடையை எடுத்துக்கொண்டு போகும்படி அவரிடமே சொல்லிவிடலாம். மழை தெரிகிறது என்று அவரும் அவளிடமே சொல்லிவிடுவார். அந்த வீட்டில் யாரும் யாரையும் "பாப்பா" என்று கூப்பிட வேண்டியிருக்காது.

சண்டை தீருவதற்குள்ளேயே மகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

வந்தவர்கள் எல்லோரும் கலைந்துபோன பிறகு சமையலறை வாசலில் நின்று, அவளைப் பார்க்காமல், அவர் சொன்னார்: "பாப்பா, உங்கம்மாவை ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லு."

அவள் திருத்தவில்லை. சாப்பிட்டாள். அன்றிலிருந்து இருவருமே அந்தச் சண்டையை ஆறவிடவில்லை.

அவர் கண்ணாடிக்குக் கீழே ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே, ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை எட்டுகிற உயரத்தைப் பார்த்தாள்.

"பாப்பா, உங்கப்பாவை மூஞ்சியைக் கழுவிட்டு வரச் சொல்லு."