ஓடைக்கரைக்கு ஒரு காவல்

ஓடையில் தண்ணீர் குடிக்க மான் தலை குனிந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சிறுத்தை வரும். அதனால் காவலுக்கு ஒரு பறவையை வைத்துக்கொள்ளலாம் என்று மான் கூட்டம் முடிவு செய்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குட்டி போட்டிருந்த ஒரு தாய்மானிடம் விட்டது.

முதலில் ஆள்காட்டிக் குருவி வந்தது.

“சிறுத்தை வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டது மான்.

“கத்துவேன்,” என்றது குருவி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“உன்கிட்ட இருக்கிற குறை என்ன?”

“குறைன்னு பார்த்தா...” என்று ஆரம்பித்த குருவி, சட்டென்று புதர்ப் பக்கம் திரும்பிக் கத்தியது. “ஒண்ணுமில்லை, கீரிதான் போகுது.”

முகம் பார்த்துப் பேசத் தெரியாததெல்லாம் வேலை கேட்டு வந்துவிடுகிறது என்று மானுக்கு எரிச்சல். அனுப்பிவிட்டது.

அடுத்து வந்த மைனா மானின் கண்ணையே பார்த்து, கேட்ட எல்லாவற்றுக்கும் கோவையாகப் பதில் சொன்னது. “உங்க குட்டி எனக்கும் குட்டிதாம்மா,” என்றது. மான் அப்போதே அதை வேலைக்கு வைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மைனா அதே மாதிரி மானின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற குட்டியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்விட்டது.

அழுது ஓய்ந்த மான் குருவியைத் தேடிப் போனது. குருவி அக்கரையில் முயல்களுக்குக் காவலாக இருந்தது.

“அதுங்க உன்கிட்ட என்ன கேட்டுச்சுங்க?”

“ஒண்ணும் கேக்கலை. ரெண்டு நாள் பேசாம என் பக்கத்துல மேய்ஞ்சு பார்த்துச்சுங்க,” என்றது குருவி, மானின் முகத்தைப் பார்க்காமல், அது வந்த வழியையே பார்த்தபடி.