இடது கண்

ஆட்டோவின் கண்ணாடியில் அவள் தன் இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமை அசையவில்லை.

முப்பது எண்ணினாள். நூறு எண்ணினாள். அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.

ஊசி போட்டுப் பதினோரு நாள்.

மூன்று வருடமாகத் துடித்த கண். முதலில் இமை மட்டும். பிறகு கன்னம், வாயோரம். கடைசியில் கண் தானாகவே இறுக மூடிக்கொண்டது. அதுவும் வண்டி ஓட்டும்போது.

பின்னால் உட்கார்ந்த ஆண்களில் சிலர் கண்ணாடியில் பார்த்துத் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் இறங்கும்போது போன் நம்பர் கேட்டான். செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.

வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஒரு சைக்கிள்காரரை உரசிய அன்றுதான் சாவியை ஆணியில் மாட்டினாள். எட்டு மாதம் ஆட்டோ தார்ப்பாய்க்குள் கிடந்தது.

மாமியார் பேச்சியம்மாளுக்கோ அந்தக் கண் கிட்டத்தட்ட குலதெய்வம். பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லதாயிற்றே. நாத்தனாருக்குக் குழந்தை தங்கியது அந்தக் கண்ணால். போர் போட்ட இடத்தில் தண்ணீர் வந்தது அந்தக் கண்ணால். எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் மருமகளை எதிரே நிறுத்தி, துடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள்.

துடிக்காமல் என்ன செய்யும்?

டாக்டர் சொன்னார், நடிகைகள் முகச்சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிற அதே மருந்துதானாம். மூன்று மாதம் தாங்குமாம். பிறகு மறுபடி போட வேண்டுமாம்.

பேச்சியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏட்டி, வீட்டுக்கு வந்த சீதேவிய ஊசி போட்டா வெரட்டுவாவ?"

அதன்பிறகு பேச்சே இல்லை. சோற்றுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்தது.

இன்று முதல் ஓட்டம். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் பழி ஊசிமேல்தான் விழும். அப்புறம் இந்த ஜென்மத்துக்குச் சாவி ஆணியை விட்டு இறங்காது.

முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாள்.

ஏற்கெனவே ஒன்று இருந்தது.

நிமிர்ந்தபோது பேச்சியம்மாள் கூடையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இவள் ஏறிச் சாவியைத் திருகினாள்.

பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது.

பாலம் முழுதாகத் தெரிந்தது. ஆற்றுத் தண்ணீர் தெரிந்தது. இடப்பக்கம் உரசிக்கொண்டு வரும் பைக், பூக்காரியின் குடை, மிரண்டு நிற்கும் ஒரு நாய், எல்லாமே தெரிந்தன. சந்தோஷம் தாங்காமல் சும்மாவே இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

ரவுண்டானா வந்தது.

நாலு பக்கமும் பஸ். கை தானாக இறுகியது. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள், இமையைப் பார்ப்பதற்காக.

பின்னாலிருந்து குரல் வந்தது. பதினோரு நாளில் முதல் தடவையாக.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. எனக்கு இடது கண்ணு துடிக்கி. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

வண்டியைத் திருப்பினாள். வளைவு முடிந்து நேர் ரோட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

பேச்சியம்மாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தாள்.